தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இலவசக் கண் பரிசோதனை: ஒரே நாளில் முடியுமா?

#1 வாசு_பிஎம்

வணக்கம். பினாங்கு மாநிலம் புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் கோயில் நிர்வாகமும் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து இலவசக் கண் பரிசோதனை வைக்க முடிவெடுத்திருக்கிறோம். இடம் கோயில் மண்டபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 8 முதல் மாலை 4 வரை. மாணவர்கள் 300 பேர், பெரியவர்கள் 150 பேர் என்று கணக்கு. இரண்டு ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பவர் பார்க்கும் நிபுணர்) ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு கண் மருத்துவர் அரை நாள் வருவார். தொண்டூழியர்கள் 20 பேர். ஓர் அன்பர் 120 மூக்குக்கண்ணாடிக்குப் பணம் தருகிறார். இதுபோக ஊர் மக்கள் கொடுத்த பழைய கண்ணாடிகள் நான்கு பெட்டி இருக்கின்றன. அதையும் பயன்படுத்தலாமா? எந்தக் கருவியை வாடகைக்கு எடுப்பது? பாரம் (படிவம்) எப்படி இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஒளிவிலகல்

நல்ல முயற்சி, வாசு. ஆனால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

ஒரு பிள்ளைக்கு இரண்டு கண்ணையும் தனித்தனியாக அட்டையில் பார்க்க 3 நிமிடம். 300 பிள்ளைக்கு 900 நிமிடம். நான்கு வரிசை போட்டால் நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஐந்தில் ஒருவர் அட்டையில் தவறுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 பேர். அவர்களுக்குப் பவர் பார்க்க ஆளுக்கு 20 நிமிடம். இரண்டு ஆப்டோமெட்ரிஸ்ட் இடைவேளையே இல்லாமல் உட்கார்ந்தாலும் 10 மணி நேரம். இதோடு 150 பெரியவர்களும் சேர்ந்தால் மூன்று மணிக்கு மேல் எல்லாரும் அவசரத்தில் ஆட்டோரெஃப் (பவரைத் தானாக அளக்கும் கருவி) காட்டும் எண்ணை அப்படியே எழுதிக் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆபத்து. கருவிக்குள் பார்க்கும்போது பிள்ளை கண்ணை இறுக்கிக் குவிக்கும். இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாக எண் வரும், இருக்கிற தூரப்பார்வை மறைந்துவிடும்.

மூன்றாகப் பிரியுங்கள். முதல் கட்டம், பள்ளி நாளில் வகுப்பு வகுப்பாக அட்டைப் பரிசோதனை மட்டும். பயிற்சி பெற்ற ஆசிரியரும் தொண்டூழியரும் போதும். இரண்டாவது, தவறியவர்களுக்கு மட்டும் ஆப்டோமெட்ரிஸ்ட்டும் மருத்துவரும். மூன்றாவது, கண்ணாடி பொருத்திக் கொடுக்கும் நாள். பெரியவர்களுக்கு வேறு ஒரு ஞாயிறு.

பவர் பார்ப்பதும் கண்ணாடி வழங்குவதும் 1991ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. வருகிறவர்களின் அவ்வாண்டுத் தொழில் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதில் சங்கடமே வேண்டாம், முறையானவர்கள் தாங்களே கொண்டு வருவார்கள்.

#3 மாமா_தண்ணீர்மலை

தம்பி, மூன்று நாள் என்றால் கூட்டம் வராது. நம் ஆட்கள் ஒருமுறை வருவார்கள், சாப்பாடு போட்டால் நிச்சயம் வருவார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். ஒரே நாளில் கையோடு கண்ணாடி கொடுத்து அனுப்புவதுதான் நடைமுறை.

#4 ஒளிவிலகல்

மாமா, அதற்காகத்தான் முதல் கட்டத்தைப் பள்ளி நாளில் வைக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இரண்டாம் கட்டமும் பள்ளியிலேயே, மண்டபம் வேண்டாம். பெற்றோர் வர வேண்டியது கண்ணாடி கொடுக்கும் நாளில் மட்டும்தான்.

#5 ஆசிரியை_நிபோங்

அட்டைப் பரிசோதனையை ஆசிரியர்களிடம் ஒப்படைப்பதாக இருந்தால் நுணுக்கங்களைச் சொல்லிவிடுங்கள், சார். நிறையப் பள்ளிகளில் அலுவலக பிரிண்டரில் அட்டையை அச்சடித்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, "அடுத்தவன் வா" என்று நடத்திவிடுகிறார்கள். முதலாம் ஆண்டில் பள்ளிச் சுகாதாரக் குழு வந்து பார்க்கிறதே, நாமும் ஏன் பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியர்கள் கேட்பதும் உண்டு.

#6 ஒளிவிலகல்

டீச்சர், அந்தக் கேள்விக்குப் பதில் எளிது. முதலாம் ஆண்டில் 6/6 (குறையில்லாத பார்வை; கீழ் எண் பெரிதானால் பார்வை குறைவு) படித்த பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதில் கிட்டப்பார்வை தொடங்கலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொல்லாது. பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்து எழுதும், அவ்வளவுதான்.

இனி அட்டை. ஆறு மீட்டர் நீளமுள்ள வகுப்பறை கிடைப்பது கஷ்டம். 3 மீட்டருக்கென்று வடிவமைத்த அட்டையை எடுங்கள். 'ஈ' அட்டை (பல திசையில் திரும்பிய ஆங்கில E எழுத்து) போதும், எழுத்துத் தெரியாத பிள்ளையும் விரலால் திசை காட்டும். முதலாம் ஆண்டுக்காரர்கள் இடம் வலம் குழப்புவார்கள், அதனால் வாயால் சொல்லச் சொல்லாமல் கையால் காட்டச் சொல்லுங்கள். பாலர் பள்ளிக்கு லியா பட அட்டை: ஆப்பிள், வீடு, சதுரம், வட்டம். படத்தைத் தொட்டுக் காட்ட ஒரு பொருத்து அட்டையை மடியில் வையுங்கள்.

அச்சடித்ததும் முதல் வேலை, ரூலர் வைத்து அளப்பது. 3 மீட்டர் அட்டையில் 6/12 வரிசை எழுத்தின் உயரம் 8.7 மில்லிமீட்டர், 6/60 எழுத்து 43.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிரிண்டரில் 'தாளுக்குப் பொருத்து' என்று இருந்தால் எழுத்து சுருங்கிவிடும், நல்ல கண்ணும் தவறும். பளபளக்கும் லேமினேட் போட்டால் மேலே உள்ள குழல்விளக்கு அதில் தெரியும். மங்கலான லேமினேட் கேளுங்கள். அட்டைக்குப் பின்னால் ஜன்னல் கூடாது, அட்டையின் மீது வெளிச்சம் சீராக விழ வேண்டும்.

தூரத்தை அட்டையிலிருந்து பிள்ளையின் கண்ணுக்கு அளக்க வேண்டும், கால் விரலுக்கு அல்ல. தரையில் டேப் ஒட்டி, நாற்காலியில் முதுகு சாய உட்கார்ந்தால் கண் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே வருமாறு வையுங்கள். உட்கார்ந்த பிள்ளை முன்னால் சாய்ந்தால் 3 மீட்டர் 2.7 ஆகிவிடும்.

கண்ணை மூட உள்ளங்கை வேண்டவே வேண்டாம். விரலிடுக்கில் எட்டிப் பார்ப்பது பிள்ளைகளின் பிறவிக் கலை. கண் மேல் மடித்த டிஷ்யூ வைத்து 5 சென்டிமீட்டர் அகல மைக்ரோபோர் ஒட்டுங்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிது. கண் சுருக்கிப் பார்த்தால் உடனே நிறுத்தி, "கண்ணை அகலமாக வை" என்று சொல்லுங்கள். சுருக்கிய கண் ஒரு பின்ஹோல் (ஊசித்துளை) மாதிரி வேலை செய்து தேர்ச்சி கொடுத்துவிடும்.

எழுத்துகளை ஒவ்வொன்றாக மறைத்து மறைத்துக் காட்டாதீர்கள். சோம்பேறிக் கண் (பார்வை சரியாக வளராமல் பின்தங்கிய கண்) தனி எழுத்தை நன்றாகப் படிக்கும், வரிசையாக இருக்கும்போதுதான் திணறும். முழு வரிசையையும் காட்டி, ஐந்தில் மூன்று சரியென்றால் அந்த வரிசை தேர்ச்சி.

#7 செவிலி_செபராங்

அளவுகோலையும் எழுதிவிடுகிறேன். 4 வயதுக்கு 6/12, 5 வயதிலும் அதற்கு மேலும் 6/9. இதை எந்தக் கண் எட்டாவிட்டாலும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பலாம். இரண்டு கண்ணும் தேறி, ஆனால் ஒன்றுக்கொன்று இரண்டு வரிசை வித்தியாசம் இருந்தாலும் அனுப்ப வேண்டும். சோம்பேறிக் கண் பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடும். ஏழு, எட்டு வயதுக்குள் பிடித்தால் பலன் அதிகம். மிதமான நிலைக்கு, கண்ணாடி சரியாகப் போட்ட பிறகு நல்ல கண்ணை நாளுக்கு 2 மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடுவது, கடுமையான நிலைக்கு 6 மணி நேரம். இது மருத்துவர் முடிவு செய்வது, பள்ளியில் யாரும் தானாக ஒட்டிவிடக் கூடாது.

ஒரு பிள்ளை தவறினால் உடனே எழுதிவிடாமல், தண்ணீர் குடிக்கச் சொல்லி வேறு ஒருவர் மறுபடி பாருங்கள். கவனக் குறைவால் தவறியவர்கள் அங்கேயே தேறிவிடுவார்கள். இரண்டாம் கட்டத்தின் சுமை கணிசமாகக் குறையும்.

அட்டை பிடிக்காதது ஒன்று உண்டு, தூரப்பார்வை. பிள்ளையின் கண் குவியும் சக்தி பெரிது, +3.00 இருந்தாலும் 6/6 படித்துவிடும். அதற்கு +2.00 கண்ணாடி ஒன்று வாங்கி, இரண்டு கண்ணுக்கும் போட்டு மறுபடி அட்டையைக் காட்டுங்கள். சாதாரணக் கண்ணுக்கு மங்கிவிடும். அதைப் போட்டும் கீழ் வரிசையைத் தெளிவாகப் படித்தால் அனுப்ப வேண்டிய பிள்ளை. வாசிக்கும்போது தலைவலி, வரி தாண்டுவது, புத்தகத்தை வெறுப்பது, இப்படிப் புகார் வரும் பிள்ளைகளுக்காவது இதைச் செய்யுங்கள்.

#8 வாசு_பிஎம்

நன்றி அக்கா. அப்படியானால் கையில் பிடித்துக் கண்ணைப் படம் எடுக்கும் ஸ்கிரீனர் தேவையா? வாடகைக்குக் கேட்டிருக்கிறோம்.

#9 ஒளிவிலகல்

3 முதல் 5 வயது வரைக்கும், ஆட்டிசம் போன்ற சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் அது வரம். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று சில விநாடிகளில் பார்த்துவிடும். ஆனால் அறை மங்கலாக இருக்க வேண்டும். மண்டபத்து வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிவிடும், 'கண்மணி சிறிது' என்று கருவி முரண்டு பிடிக்கும். கறுப்புத் துணி கட்டிய ஒரு மூலை போதும். ஆறு வயதுக்கு மேல் அட்டையே எனக்கு நம்பிக்கை. ஸ்கிரீனர் பவரை ஊகிக்கிறது. பிள்ளை என்ன பார்க்கிறது என்பதை அட்டைதான் சொல்லும். ஸ்கிரீனர் எண்ணை வைத்துக் கண்ணாடி செய்யக் கூடாது. அனுப்பலாமா வேண்டாமா என்பதற்கு மட்டும்தான் அது.

இரண்டாம் கட்டத்தில் மாறுகண் இருக்கும் பிள்ளை, ஸ்கிரீனரில் தூரப்பார்வை காட்டிய பிள்ளை, விடை மாறிக்கொண்டே இருக்கும் பிள்ளை, இவர்களுக்குச் சொட்டு மருந்து போட்டுத்தான் பவர் பார்க்க வேண்டும். சைக்ளோபென்டொலேட் 1 சதவீதம், 5 நிமிட இடைவெளியில் இரண்டு முறை, பிறகு 30 முதல் 40 நிமிடம் காத்திருப்பு. நம் பிள்ளைகளின் கறுத்த விழிகளில் மருந்து மெதுவாகத்தான் ஏறும், பொறுமை வேண்டும். கண் மருத்துவரின் பொறுப்பில் மட்டும். போட்டதும் கண்ணின் மூக்கோர மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். கிட்டத்தில் மங்கல் மறுநாள் வரை நீடிக்கலாம், ஆகவே பரீட்சைக்கு முந்தைய நாள் வைக்காதீர்கள்.

#10 மாமா_தண்ணீர்மலை

பழைய கண்ணாடி நான்கு பெட்டி பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. ஊர் மக்கள் மனசோடு கொடுத்தது.

#11 வில்லைக்கடை

நான் திறக்கிறேன் மாமா, கோபிக்காதீர்கள். மனசு பெரியது, பொருள் பயன்படாது.

ஒரு பழைய கண்ணாடியைக் கழுவி, லென்சோமீட்டரில் (வில்லையின் பவரை அளக்கும் கருவி) வைத்து இரண்டு பக்கப் பவர், சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்), அதன் கோணம், மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் எல்லாம் எழுதிப் பையில் போட ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். அதற்குப் பிறகு அந்த எண்கள் ஒரு மனிதருக்குப் பொருந்த வேண்டும். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நன்கொடையாக வந்த கண்ணாடிகளில் நூற்றுக்கு ஏழுதான் பயன்படுத்தும் நிலையில் இருந்தன. எல்லாச் செலவையும் கூட்டினால் புதிதாக ஒன்று வாங்குவதைவிட அதிகம். ஃபிரேம் நன்றாக இருப்பதை மட்டும் எடுத்துப் புது வில்லை போடலாம், அதுவும் பெரியவர்களுக்கு. பிள்ளையின் முகத்தில் தாத்தா ஃபிரேமை மாட்டினால் அது பைக்குள்ளேதான் இருக்கும்.

120 கண்ணாடிக்கான பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதைப் பார்ப்போம்.

பிள்ளைகளுக்கு வில்லை பாலிகார்பனேட். எளிதில் உடையாது என்பதற்காகவே. குறிப்பாக ஒரு கண் மட்டும் நன்றாக உள்ள பிள்ளைக்கு வேறு எதுவும் கூடாது. ஃபிரேமில் ஒரு வில்லையின் அகலம் 42 முதல் 48 மில்லிமீட்டர் வரை மூன்று அளவுகளில், நிறத்துக்கு மூன்று நான்கு விதம் வைத்துப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே மாதிரி கறுப்பு ஃபிரேம் 60 வாங்கினால் மலிவு. ஆனால் 'இலவசக் கண்ணாடி' என்று வகுப்பில் அடையாளம் தெரியும், யாரும் போட மாட்டார்கள்.

ரெடிமேட் கண்ணாடி உடனே கொடுக்கலாமா என்று மாமா கேட்பார். கொடுக்கலாம், எல்லாருக்கும் அல்ல. இரண்டு கண் பவரும் ஒன்றுக்கொன்று 1.00க்குக் குறைவான வித்தியாசம், சிலிண்டர் 0.75க்கு மேல் இல்லை, கண்மணி இடைவெளி ஃபிரேமுக்குப் பொருந்துகிறது, போட்டால் பார்வை ஆர்டர் கண்ணாடிக்கு ஈடாக இருக்கிறது. இத்தனையும் அமைந்தால் அன்றே கொடுத்து அனுப்புங்கள். மீதிப் பேருக்கு ஆர்டர்.

கண்மணி இடைவெளியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. பவர் 4.00, வில்லையின் மையம் கண்ணிலிருந்து 5 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. 0.5 சென்டிமீட்டரை 4ஆல் பெருக்கினால் 2 பிரிசம் டையாப்டர், அந்த அளவுக்கு ஒளி விலகும். பிள்ளைக்கு அது தலைவலி. "பவர் சரியில்லை" என்று திரும்பி வரும், ஆனால் பவர் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு கண்ணும் சேர்ந்து இரண்டு வரிசைகூடக் கூடுதலாகப் படிக்கவில்லை என்றால், புகாரும் இல்லாத பிள்ளைக்குக் கண்ணாடி கொடுக்காதீர்கள். 0.25க்குச் செய்த கண்ணாடி மேசை டிராயருக்குத்தான் போகும்.

#12 மாமா_தண்ணீர்மலை

சரியப்பா, விட்டுவிட்டேன். அந்த ஃபிரேம்களைக் கழுவித் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன். பெரியவர்கள் கதைக்கு வாருங்கள். பாதிப் பேர் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றுதான் வருவார்கள்.

#13 செவிலி_செபராங்

மாமா, அது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் தப்பாது. 40 சென்டிமீட்டரில் வாசிப்பு அட்டையை வைத்தால், என்8 (8 புள்ளி எழுத்து) வரியைப் படிக்க வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்தில் +1.00 முதல் +1.50, ஐம்பதில் +2.00 பக்கம், அறுபதில் +2.50. இது தொடக்கம்தான். பூக் கட்டுபவர், தையல்காரர், கணக்குப் பார்ப்பவர், ஒவ்வொருவரின் வேலைத் தூரமும் வேறு. அட்டையை மட்டும் நம்பாமல் ஊசியும் நூலும், ஒரு மருந்துப் பெட்டி, அவர்களின் கைத்தொலைபேசி ஆகியவற்றை மேசையில் வையுங்கள்.

100 கண்ணாடி வாங்கினால் +1.00 பத்து, +1.50 முப்பது, +2.00 முப்பது, +2.50 இருபது, +3.00 பத்து. மீதியானால் அடுத்த முறைக்கு ஆகும், கெட்டுப்போகிற பொருள் இல்லை.

இதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்களுக்கு: அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது கடந்த கொழுந்து பறிப்பவர்களுக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. வேலைத் திறன் 21.7 சதவீதம் உயர்ந்தது. பத்து வெள்ளி (ரிங்கிட்) கண்ணாடிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஒரு கண்டிப்பு. தூரத்தில் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்காமல் வாசிப்புக் கண்ணாடி கொடுத்து அனுப்பாதீர்கள். 6/12 எட்டாதவருக்குப் பின்ஹோல் வையுங்கள், 1.2 மில்லிமீட்டர் துளை. அதன் வழியே மேம்பட்டால் பவர் குறை. மேம்படாவிட்டால் கண்ணுக்குள் ஏதோ இருக்கிறது, மருத்துவமனைதான். 2014ஆம் ஆண்டு தேசியக் கண் ஆய்வில் 50 வயதைக் கடந்தவர்களில் 1.2 சதவீதம் பேர் பார்வையற்றவர்கள். அதில் பாதிக்கு மேல் அறுவை செய்யாமல் விட்ட கண்புரை. கண்ணாடி கிடைத்த நிம்மதியில் அவர் மேலும் இரண்டு ஆண்டு தள்ளிப்போடுவார்.

#14 ஒளிவிலகல்

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). நம் சமூகத்தில் இதைப் பேசாமல் கண் முகாம் நடத்துவதில் பொருளே இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் மொத்தப் பெரியவர்களில் 18.3 சதவீதம், இந்தியர்களில் 31.4 சதவீதம். மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். விழித்திரையில் கசிவு தொடங்கியவர்கூட அட்டையில் 6/6 படிப்பார். அதனால் "நன்றாகத் தெரிகிறது" என்று பாரத்தில் டிக் போட்டு அனுப்பிவிடக் கூடாது. இனிப்பு நீர் உள்ள ஒவ்வொருவரிடமும், "கடைசியாக விழித்திரைப் படம் எப்போது எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். ஓராண்டுக்கு மேல் என்றால், அல்லது தெரியாது என்றால், படம் எடுக்க அனுப்புங்கள். அரசு கிளினிக் கெசிஹத்தானில் (சுகாதாரக் கிளினிக்) இனிப்பு நீருக்குத் தொடர் சிகிச்சையில் இருப்பவரானால் அங்கேயே ஏற்பாடு உண்டு, பதிவுக் கட்டணம் 1 வெள்ளி.

முகாமிலேயே கண்மணியை விரிக்கும் மருந்து போட்டுப் பார்க்கலாமா என்று மருத்துவர் கேட்கக்கூடும். பெரியவர்களில் பாதிப் பேர் கப்சாய் மோட்டாரில் வருவார்கள். மருந்து போட்டால் பல மணி நேரம் கூச்சமும் மங்கலும் இருக்கும், வண்டி ஓட்டக் கூடாது. முன்னறை ஆழம் குறைந்த கண்ணுக்கு அழுத்தம் திடீரென ஏறும் ஆபத்தும் உண்டு. மருந்து போடாமல் படம் எடுக்கும் கேமரா கிடைத்தால் இருட்டு மூலை, போதும்.

#15 பிரிக்பீல்ட்ஸ்_தேன்

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் கண்ணாடியிலேயே நிற்கிறீர்கள். கண்ணாடி போட்டும் தெரியாதவர்களை என்ன செய்யப்போகிறீர்கள்?

நல்ல கண்ணில், சரியான கண்ணாடியோடு, 6/18ஐவிட மோசமாக இருந்தால் சமூக நலத்துறையில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 3/60க்குக் கீழே பார்வையற்றோர் பிரிவு. மருத்துவ அதிகாரியின் சான்று தேவை. பிள்ளைக்கு இந்த அட்டை இருந்தால் பள்ளி உதவித் திட்டங்கள், பரீட்சையில் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள் ஆகியவற்றுக்குக் கேட்க முடியும். "குருடு என்று முத்திரை குத்திவிடுவார்களே" என்று அம்மாக்கள் தயங்குவார்கள். அட்டையை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம், தேவையான இடத்தில் மட்டும் காட்டினால் போதும் என்று சொல்லுங்கள்.

பினாங்கில் செயின்ட் நிக்கலஸ் இல்லம் இருக்கிறது. 1926இல் மலாக்காவில் தொடங்கி 1931இல் பினாங்குக்கு வந்தது. இங்கே பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம், 1951இல் தொடங்கியது. முகாமுக்கு முன்பே அவர்களோடு பேசி ஒரு தொடர்பு எண் வாங்கி வையுங்கள்.

அதுவரை வகுப்பில் செய்யக்கூடியவை: முதல் வரிசை, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பது, பச்சைப் பலகையில் வெளிர் மஞ்சள் சாக்கட்டி, 18 முதல் 24 புள்ளி எழுத்தில் பாடத்தாள், வாசிக்க ஒரு சரிவு மேசை. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

#16 ஆசிரியை_நிபோங்

சரிவு மேசைக்கு உடனே ஆர்டர் போட வேண்டியதில்லை, பழைய வளையக் கோப்பு ஒன்றைப் படுக்க வைத்தாலே சரிவு கிடைத்துவிடும்.

#17 வாசு_பிஎம்

மருத்துவமனைக்கு அனுப்பும் விஷயம்தான் எனக்குப் பயம். சீட்டைக் கொடுத்துவிட்டால் போவார்களா?

#18 செவிலி_செபராங்

சீட்டை மட்டும் கொடுத்தால் போக மாட்டார்கள். வேலை இருக்கும், வண்டி இருக்காது, எந்தக் கட்டடம் என்று தெரியாது. சீட்டில் இவை இருக்கட்டும்: இரண்டு கண்ணின் பார்வை அளவு கண்ணாடியின்றி, கண்ணாடியோடு, பின்ஹோலோடு; பவர்; என்ன சந்தேகம்; எவ்வளவு அவசரம்; பரிசோதித்தவரின் பெயர், பதிவு எண், முத்திரை. "பார்வை மங்கல், தயவுசெய்து பார்க்கவும்" என்று மட்டும் எழுதினால் முன்பதிவு மேசை அதைக் கடைசி வரிசையில்தான் போடும்.

உங்கள் பக்கம் செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனைகள். முகாமுக்கு மூன்று வாரம் முன்பே கண் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து, இத்தனை பேர் வரலாம் என்று சொல்லுங்கள். ஒரே நாளில் 15 பேரை அடுக்கித் தருவார்களா என்று கேளுங்கள். தந்தால் கோயில் வேனில் ஒன்றாக அழைத்துப் போகலாம்.

கட்டணத்தையும் முன்பே சொல்லிவிடுங்கள். மலேசியருக்கு அரசு சிறப்பு மருத்துவப் பிரிவில் 5 வெள்ளி, தனியார் கிளினிக்கின் கடிதத்தோடு முதல்முறை போனால் 30 வெள்ளி. அதனால் முடிந்தவரை அரசு கிளினிக் வழியாக அனுப்புங்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்குப் பல மடங்கு. அகதி அட்டை இருந்தால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. தோட்டத்துக்கு வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் முகாமுக்கு வருவார்கள், அவர்களை முதலாளி வழியாகத்தான் அனுப்ப முடியும். புரை அறுவைக்கு உள்வில்லைச் (கண்ணுக்குள் வைக்கும் வில்லை) செலவு கேட்டால் 40 வயது கடந்த பி40 (குறைந்த வருமான) குடும்பத்தினர் பெக்கா பி40 திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம், மருத்துவமனையின் சமூக நலப் பிரிவில் கேளுங்கள்.

புரைக்குப் போகிறவர்களிடம் இன்னொன்று. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாவிட்டால் அறுவை நாளன்றே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீட்டுக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் ஒரு பயணம் மிச்சம்.

வரிசையில் நிற்க விடக் கூடாதவை: பிள்ளையின் கண்மணியில், அல்லது ஃபிளாஷ் போட்ட படத்தில், வெள்ளைத் தெரிப்பு. திடீர்ப் பார்வை இழப்பு. மின்னல் போல ஒளியும் திரை விழுந்தது போல மறைப்பும். சிவந்து வலிக்கும் கண்ணோடு வாந்தி. புதிதாக வந்த மாறுகண்ணோடு தலைவலி. இவர்கள் அன்றே அவசரப் பிரிவுக்கு, ஓர் ஆள் கூடப் போக வேண்டும்.

#19 ஆசிரியை_நிபோங்

சம்மதப் பாரம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழிலும் மலாயிலும் ஒரே தாளில். மூன்று சம்மதம் தனித்தனியாக: பரிசோதனைக்கு, சொட்டு மருந்துக்கு, படம் எடுத்துப் பகிர்வதற்கு. மூன்றாவதை மறுத்தால் முதலிரண்டும் பாதிக்காது என்று எழுதுங்கள். மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) எண், வகுப்பு, ஏற்கெனவே கண்ணாடி உண்டா, குறைமாதப் பிறப்பா, மருந்து ஒவ்வாமை உண்டா, வீட்டில் யாருக்காவது மாறுகண் உண்டா. தொலைபேசி எண் இரண்டு கேளுங்கள், ஒன்று மாறிவிடும்.

2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வையுங்கள். தவறியவர்கள் பட்டியலை வகுப்பு வாட்சாப் குழுவில் போடுவது நடக்கிறது, நடக்கவே கூடாது.

கண்ணாடி கொடுத்த பிறகு போடுகிறார்களா என்பதே பெரிய கேள்வி. கொடுக்கும் நாளில் அம்மா அப்பாவையும் வகுப்பாசிரியரையும் பக்கத்தில் வைத்து, அட்டையைக் கண்ணாடி இல்லாமல் ஒருமுறையும் போட்டு ஒருமுறையும் காட்டுங்கள். பாட்டி, "கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும்" என்பார். அவருக்கும் அந்த அட்டையைக் காட்டுவதே பதில். ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி வகுப்பில் எட்டிப் பார்த்து யார் முகத்தில் இருக்கிறது, யார் பையில் இருக்கிறது, யார் வீட்டில் விட்டிருக்கிறார் என்று குறியுங்கள். வீட்டில் விட்டவரிடம் காரணம் கேளுங்கள். கிண்டல், உடைந்தது, காது வலிக்கிறது, இந்த மூன்றில் ஒன்றுதான் அனேகமாக வரும். காது வலிக்கு வில்லைக்கடை அண்ணன் ஐந்து நிமிடத்தில் கம்பியை வளைத்துத் தருவார்.

#20 வில்லைக்கடை

தருகிறேன் டீச்சர். வெந்நீர் ஃபிளாஸ்க் ஒன்று இருந்தால் போதும், கம்பி நுனியை முக்கி வளைக்கலாம். சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஸ்க்ரூ பொட்டலம், மூக்குப் பட்டை 50 ஜோடி, இதையும் பட்டியலில் சேருங்கள், வாசு. ஆர்டர் கண்ணாடி வந்ததும் ஒவ்வொன்றையும் லென்சோமீட்டரில் சரிபார்த்த பிறகே பிள்ளையின் பெயர் ஒட்டுங்கள். இடது வலது மாறி வருவது அபூர்வமல்ல. ஆர்டர் எடுக்கும்போதே பத்தில் ஒன்று உடையும் என்று பணம் ஒதுக்குங்கள்.

#21 வாசு_பிஎம்

திட்டத்தை மாற்றிவிட்டோம். அட்டைப் பரிசோதனை பள்ளியில் இரண்டு நாள், நாளுக்கு 150 பேர். இரண்டாம் கட்டம் அடுத்த வாரம் பள்ளி நூலகத்தில், மருத்துவர் முழு நாள் வருகிறார். பெரியவர்களுக்குக் கோயில் மண்டபத்தில் தனி ஞாயிறு. 120 கண்ணாடிப் பணத்தில் 70 பிள்ளைகளுக்கான ஆர்டர், மீதி வாசிப்புக் கண்ணாடி, உடைப்புக்குக் கொஞ்சம். செபராங் ஜெயாவுக்குக் கடிதம் தயார். ஒரே ஒரு கேள்வி. பெரியவர்களின் ஞாயிற்றைத் தைப்பூசத்தை ஒட்டி வைக்கலாமா? கூட்டம் தானாக வரும்.

#22 மாமா_தண்ணீர்மலை

தம்பி, அந்த வாரம் மட்டும் வேண்டாம். ஆட்கள் பாதி இந்தப் பக்கம் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வந்துவிடுவார்கள், தொண்டூழியர்களும் தண்ணீர்ப் பந்தலில்தான் நிற்பார்கள். பிப்ரவரி கடைசியில் வையுங்கள். சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கேசரி கிடையாது.

#23 செவிலி_செபராங்

சாப்பாட்டுக்கு முன்பே சர்க்கரையைக் குத்திப் பார்த்துவிடுங்கள், மாமா. கேசரிக்குப் பிறகு பார்த்தால் எல்லாருக்கும் ஏறித்தான் இருக்கும்.